பச்சைத் துணிக் கட்டு

குறிஞ்சிப்பிட்டி
21.01.2024

அன்புள்ள மீரா முகைதீன் நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வீட்டில் இருந்த கடதாசிகளை எல்லாம் அகற்றிவிட்டேன். அலுமாரியின் மேல் தட்டு பாரம் தாங்காமல் முறிந்து உங்கள் மருமகள் ஷஸ்னாவின் தோளில் விழுந்ததுதான் காரணம். எலும்புக்குச் சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கருவாட்டுச் சாக்கு விழுந்திருந்தால் தொழிலில் நடக்கிறதுதான் என்று விட்டிருப்பேன். விழுந்ததோ பழைய மின்சாரப் பில் கட்டு.

அங்கே உங்கள் உடம்பு எப்படி? மற்றக் காதும் மங்கிவிட்டது என்று லொறிக்கார மனுவேல் சொன்னான். நான் டெலிபோனில் கத்தினால் என் வாடியில் மீன் காயவைத்துப் புரட்டுகிற பெண்டுகளுக்குத்தான் கேட்கிறது, உங்களுக்குக் கேட்பதில்லை. ஆகையால் பழையபடி மனுவேலின் லொறியும் கடிதமும்தான். அவன் சிலாவத்துறையில் கருவாடு ஏற்ற வரும்போது இதைத் தருவான்.

இவ்வளவு கடதாசி எப்படிச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். தொண்ணூறில் நம்மை எல்லாம் விரட்டி மன்னாரை விட்டு வந்தபோது நம்மிடம் ஒரு துண்டு அத்தாட்சி இருக்கவில்லை. முகாமில் எந்த மேசைக்குப் போனாலும் "கடதாசி எங்க?" என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு உம்மா எதையும் எறிய விடவில்லை. நிவாரண அட்டை, கிளினிக் கொப்பி, செத்துப்போன மாட்டுக்கு எடுத்த ஊசித் துண்டு, எல்லாம் இருந்தது. உம்மா மௌத்தான பிறகும் நான் அதே பைத்தியத்தில்தான் இருந்தேன். "இந்த வீட்டில மனுசர விட பில்லுக்குத்தான் இடம் கூட" என்று ஷஸ்னா சொல்வாள்.

மூன்று குவியல் போட்டேன். வைக்க வேண்டியது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிட்டது. விற்க வேண்டியதைப் பழைய பேப்பர்காரன் எடுத்தான். தராசுத் தட்டுக்குக் கீழே முழங்காலைக் கொடுத்தான். கருவாடு நிறுத்தே தலை நரைத்தவளிடம் அந்த விளையாட்டு. "தம்பி, கால எடு, பிறகு விலை பேசுவம்" என்றேன்.

மூன்றாவது குவியல்தான் நாள் முழுக்க இழுத்தது. அறபு எழுத்து இருக்கிற எதையும் விற்க முடியுமா? நாளைக்குக் கடையில் வடை சுற்றிக் கொடுப்பான். கலியாணக் கார்ட் ஒவ்வொன்றிலும் பிஸ்மி இருக்கிறது. ஷஸ்னா கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் வெட்டி வெட்டி ஒரு பையில் போட்டாள். கிழிந்த குர்ஆன் பிரதிகள், மத்ரஸாக் கிதாபுகள், அடித்தட்டில் இருந்த வாப்பாவின் பச்சைத் துணிக் கட்டு, எல்லாம் அதோடு சேர்ந்தன. கட்டை அவிழ்க்கவில்லை. தொட்டாலே தூள் உதிர்ந்தது. மௌலவியிடம் கேட்டேன். ஓத முடியாத அளவுக்குப் பழுதானதைக் கல் கட்டி ஆழத்தில் இறக்கலாம் என்றார். வாடிக்குப் பக்கத்து வளவு நூஹு உச்சமுனைக்கு வள்ளம் விடும்போது கொண்டுபோய், ஓதி, மரியாதையாக இறக்கினான்.

அலுமாரிக்குள் இப்போது காற்றுப் போய் வருகிறது. நீங்களும் உங்கள் வீட்டை ஒருக்கால் திறந்து பாருங்கள்.

உங்கள் ஆயுளுக்குத் துஆ கேட்கும்,
தங்கச்சி ஸாஜிதா

*

சிலாவத்துறை
18.02.2024

அன்பான தங்கச்சி ஸாஜிதாவுக்கு, வஅலைக்குமுஸ் ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. ஷஸ்னாவின் தோளுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவு. இங்கே மழை பரவாயில்லை. வெள்ளாடு ஒன்று இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. மனுவேலின் தாய் வழமை போல வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னோடு சண்டை பிடிக்கிறா. காது கேட்காததால் எனக்கு நட்டம் இல்லை.

கடதாசியை ஒழித்தது நல்லதுதான். ஒரு சந்தேகம். அடித்தட்டில் இருந்த பச்சைத் துணிக் கட்டு என்று எழுதியிருக்கிறாய். உம்மாவுடைய தஸ்பீஹ் மணி வைத்திருந்த துணியும் பச்சைதான். நீ அனுப்பியது அதுவாக இருக்குமோ? அல்லது வாப்பாவுடைய கிதாபேதானா? சும்மா கேட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைக் கவனி.

நானா மீரா முகைதீன்

*

குறிஞ்சிப்பிட்டி
25.02.2024

அன்புள்ள நானாவுக்கு, ஸலாம்.

ஷஸ்னாவின் தோள் சரியாகிவிட்டது. இரட்டைக் குட்டிக்கு மாஷா அல்லாஹ். விற்காதீர்கள், பெருநாள் நேரம் விலை ஏறும்.

அது வாப்பாவுடைய கிதாபேதான். தடித்த தோல் அட்டை துணிக்கு மேலாலேயே கையில் தட்டுப்பட்டது. நூஹுவை மறுபடி கேட்டேன். "லாத்தா, வெள்ளைக் கல்லு ரெண்டு கட்டி, கடல்வாய்ப் பக்கம் நீரோட்டம் உள்ள இடத்தில இறக்கினன். நானே ஸலவாத்துச் சொன்னன்" என்றான்.

நீங்கள் சும்மா கேட்கிற ஆள் இல்லை, நானா. காசு கொடுத்துக்கூட உங்கள் வாயிலிருந்து ஒரு கேள்வியை வாங்க முடியாது. அதை வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஊருக்குத் திரும்பிப் போகும்போதே எடுத்துப் போயிருக்கலாமே. என் வீட்டு அலுமாரியில் விட்டுவிட்டுப் போனது நீங்கள்தான். மனதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

நோன்பு வருகிறது. ஈச்சம்பழமும் கஞ்சி அரிசியும் மனுவேலிடம் கொடுத்திருக்கிறேன். அவன் வழியில் பழத்தை எண்ணிப் பார்ப்பான், நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

ஸாஜிதா

*

குறிஞ்சிப்பிட்டி
07.04.2024

நானாவுக்கு, ஸலாம்.

நோன்பு முடியப் போகிறது. உங்களிடம் இருந்து ஒரு வரி வரவில்லை. மனுவேல் மூன்று தரம் வெறுங்கையோடு வந்தான். "ஐயா சுகமா இருக்கிறாரா?" என்றால் "ஓம் அக்கா" என்று லொறியைத் துடைக்கப் போய்விடுகிறான். போன கிழமை அவனைக் கதிரையில் உட்கார வைத்து, பிளேன்ரீ கொடுத்து, சில்லறை வாங்குகிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன்.

யாரோ வெளியூர் இறால் பண்ணை முதலாளி ஜீப்பில் வந்து, நமது வளவு அவர் வாங்கிய காணிக்குள் அடங்குகிறது என்று சொல்லி, வரைபடம் காட்டி எல்லைக் கட்டை அடித்துவிட்டுப் போனாராம். மத்தியஸ்த சபையில் ஜூன் மாதம் விசாரணையாம். நீங்கள் வேலியோரம் உட்கார்ந்து அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களாம். இவ்வளவும் நடந்தது மாசி மாதம். எனக்கு வெள்ளாடு குட்டி போட்ட கதை எழுதினீர்கள்.

அது உங்கள் வீடு மட்டும் இல்லை, வாப்பா வாங்கிய வளவு. கிணறு வெட்டும்போது வாப்பா பிடித்த கயிற்றின் மற்ற நுனியை உம்மா பிடித்தா.

நமது கையில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். காணி உறுதிப் பத்திரம் இல்லை. இரண்டாயிரத்து நாலில் இந்த வாடி போட முதற்பணம் தேவைப்பட்டபோது, "அந்தக் காணியை விற்போம், நானா" என்று உங்களிடம் கேட்டேன். "உறுதி தொண்ணூறிலேயே தொலைந்துவிட்டது, உறுதி இல்லாத காணியை யார் வாங்குவார்" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் எடுக்கவில்லை. பிறகு என் கழுத்தில் கிடந்ததை விற்றுத்தான் வாடி போட்டேன்.

உறுதி இல்லாவிட்டால் சாட்சி வேண்டும். அந்தக் காலத்து ஆட்கள் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். இந்தத் தரம் பதில் வராவிட்டால் கருவாட்டுச் சாக்குக்கு மேலே ஏறி உட்கார்ந்தாவது நானே வருவேன்.

ஸாஜிதா

*

சிலாவத்துறை
28.04.2024

தங்கச்சிக்கு, ஸலாம். பெருநாள் நல்லபடி போனதா? ஈச்சம்பழம் கணக்குச் சரி.

உறுதி தொலையவில்லை. வாப்பாவுடைய கிதாபின் பின் அட்டைக்கும் தோலுக்கும் நடுவே வைத்துத் தைத்திருந்தேன். தொண்ணூறில் சோதனையில் அதை மட்டும்தான் யாரும் திறந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் அங்கேதான் இருந்தது.

எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. கவலைப்படாதே.

மீரா முகைதீன்

*

குறிஞ்சிப்பிட்டி
05.05.2024

நானாவுக்கு,

ஸலாம் சொல்ல மறந்துபோய்த் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை வாடியில் நின்றபடியே பிரித்தேன். இரண்டாவது வரிக்கு வந்தபோது கையில் இருந்த தராசுப் படிக்கல் காலில் விழுந்தது. விரல் நசுங்கியதை ஷஸ்னா வந்து சொன்ன பிறகுதான் பார்த்தேன். இன்றைக்கும் அந்த விரலில் வலி வரவில்லை. டாக்டர் அதிர்ச்சி என்றார். எந்த அதிர்ச்சி என்று அவர் கேட்கவில்லை.

எந்தச் சாக்கையும் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. இந்தக் கரை முழுக்க என்னை "அடிச்சாக்கு ஸாஜிதா" என்றுதான் சொல்வார்கள். செத்துப்போன மாட்டின் ஊசித் துண்டைக்கூட இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேப்பர்காரனிடம் போட்டேன். இந்தப் பிறவியில் பிரித்துப் பார்க்காமல் கைவிட்ட ஒரே கட்டு அதுதான். கிதாபு என்று விட்டேன். கால் படக்கூடாது, அவிழ்த்து ஆராயக்கூடாது என்று கைகால் கழுவி, ஒளுச் செய்து தூக்கிக் கொடுத்தேன்.

நூஹுவை வள்ளம் எடுக்கச் சொன்னேன். அவன் அசையவில்லை. "லாத்தா, ஸலவாத்துச் சொல்லி இறக்கினத மறுவா தூக்கப் போறியளா? பாவம் இல்லையா?" என்றான். பாவத்தை என் கணக்கில் எழுதச் சொன்னேன். கந்தக்குளிப் பக்கம் கடலட்டை பிடிக்கிற பெடியன் றஸீனையும் ஏற்றிக்கொண்டு போனோம். பட்டப்பகல், வெயில், கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அவன் முங்குவான், எழும்புவான், தலையை ஆட்டுவான். நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி ஓதிக்கொண்டே இருந்தேன். என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் ஒரு கல்லைக் கொண்டுவந்தான். நூஹு கட்டிய வெள்ளைக் கல்லேதான், கயிற்றோடு. கயிற்றின் முடிச்சில் விரல் அகலத்துக்குப் பச்சைத் துணி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நூஹு அந்தத் துணியைக் கையால் தொடவில்லை. தலையில் கட்டியிருந்த லேஞ்சியை விரித்து அதில் ஏந்தி வாங்கி, மறுபடி கடலில் விட்டான்.

நானா, தொலைந்துவிட்டது என்று இருபது வருஷம் சொன்னீர்கள். நான் நம்பியபடியால்தான் இன்றைக்கு உண்மையிலேயே தொலைந்தது. ஏன் சொன்னீர்கள் என்பதை மட்டும் உங்கள் கடிதத்தில் காணவில்லை. மேல் விளிம்பு, பின்பக்கம், கவர், எல்லாம் பார்த்துவிட்டேன்.

ஸாஜிதா

*

சிலாவத்துறை
19.05.2024

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம்.

விரலில் வலி வந்ததா? வந்தால் நல்லது என்று மனுவேல் சொன்னான், அவனுடைய தாய்க்கும் இப்படி நடந்ததாம்.

நான் திரும்பி வந்தபோது இங்கே தகரக் கொட்டில்தான் இருந்தது. கறையான், மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர். உன் வீடோ சீமெந்துக் கட்டடம், பூட்டுள்ள அலுமாரி. அதை விடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை. உன் அளவுக்குக் கிதாபை மதிக்கிற ஆளும் எனக்குத் தெரியவில்லை.

நகல் எடுக்கலாமா என்று நீ கேட்பாய். வாப்பா அந்த உறுதியைப் பதிவு செய்யவில்லை, அந்தச் செலவுக்குக் கிணற்றுக்குக் கல் வாங்கினார். எழுதிய நொத்தாரிசு காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருக்கிற இடமும் தெரியாது. எல்லா இடமும் கேட்டுவிட்டேன்.

முதலாளியின் ஆள் நேற்று வந்தான். சண்டை இல்லாமல் கையெழுத்து வைத்தால் வீடு கட்டின செலவுக்கு ஏதோ தருவார்களாம். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. தனியாள். ஆடுகளை விற்றுவிட்டு உன் வாடியில் ஒரு மூலையில் வந்து கிடக்கலாம் என்று நினைக்கிறேன். கருவாடு புரட்டத் தெரியும்.

உன் பதிலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன்.

மீரா முகைதீன்

*

குறிஞ்சிப்பிட்டி
22.05.2024

நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கையெழுத்து வைக்க வேண்டாம். ஆட்டையும் விற்க வேண்டாம். இதைத் தனிப் பயணமாக மனுவேலிடம் கொடுத்து அனுப்புகிறேன், டீசல் காசு என்னுடையது.

ஏன் சொன்னீர்கள் என்பதை நீங்கள் எழுத மாட்டீர்கள், ஆகவே நான் எழுதுகிறேன். உறுதி என் கையில் கிடைத்தால் விற்றுவிடுவேன் என்று பயந்தீர்கள். நீங்கள் பயந்தது சரி. அந்த வருஷம் கிடைத்திருந்தால் அன்றைக்கே விற்றிருப்பேன், உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு கொட்டில்கூட இருந்திருக்காது. சரியாக நிறுத்திருக்கிறீர்கள். என் கூடப் பிறந்தவன் என்னை இவ்வளவு சரியாக நிறுத்து வைத்திருந்தான் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பிழையாக நினைத்திருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு மறந்திருப்பேன்.

அதைப் பிறகு பார்ப்போம். இப்போது தொழில்.

உங்கள் கடிதம் வந்த அன்று பிஸ்கட் டின்னைத் திறந்து என் வாடி வளவு உறுதியை எடுத்து வாசித்தேன். நாலு பக்க எல்லையும் எழுதியிருக்கிறது: வடக்கே கடற்கரை, கிழக்கே நூஹுவின் தகப்பனாரின் வளவு, தெற்கே பாதை என்று. அதைப் பார்த்தபடியே இருந்தேன். நூஹுவிடம் ஒரு கடதாசியும் இல்லாவிட்டாலும், அவன் தகப்பனுக்கு அங்கே வளவு இருந்தது என்று என் உறுதி சொல்கிறது. அப்படியென்றால் நமது வாப்பாவின் வளவைச் சொல்கிற உறுதி யாரிடம் இருக்கும்?

மனுவேலைக் கூப்பிட்டேன். "மனுவேல், உங்கட அம்மாட வளவுக்கு உறுதி இருக்கா?"

"ஓம் அக்கா. அம்மாட்ட இருக்கிற ஒரேயொரு கடதாசி அதுதான். மாதா படத்துக்குப் பின்னால வச்சிருக்கிறா. இடம்பெயர்ந்த நேரமெல்லாம் படத்தோடதான் தூக்கிக்கொண்டு ஓடினவ."

"எப்ப எழுதினது?"

"நான் பிறக்க முந்தி. எழுபத்தெட்டு எண்டு நினைக்கிறன்."

"அதில மேற்கெல்லை ஆருடைய வளவு எண்டு இருக்கு?"

அவன் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு சிரித்தான். "அக்கா, அம்மா சும்மா தர மாட்டா. உங்கட நானா கிணத்துப் பாதைய ஆட்டுக்கெண்டு வேலி போட்டு மூடினவர். அதுக்குப் பிறகு அவ சுத்திப் போய்த்தான் தண்ணி அள்ளுறா."

நான் கேட்காமல் விட்டது இதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சண்டை பிடிக்கிறா என்று எழுதினீர்கள், எதற்கென்று எழுதவில்லை.

புத்தளத்தில் சட்டத்தரணி சுல்பாவைப் போய்ப் பார்த்தேன். அடுத்த வளவு உறுதியும், உயிரோடு இருக்கிற பக்கத்து வீட்டாரின் சத்தியக் கடதாசியும், நீங்கள் அங்கே குடியிருப்பதும் சேர்ந்தால் பலமான வழக்கு, பிறகு காணி நமது என்று அறிவிக்கிற பிரகடன உறுதி ஒன்று எழுதலாம் என்றா. ஆகையால் இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு போய் வேலியை வெட்டுங்கள். அவ கேட்பதற்கு முன்பே வெட்டுங்கள். கேட்ட பிறகு வெட்டினால் விலை கூடும்.

விரலில் வலி வந்துவிட்டது.

ஸாஜிதா

*

சிலாவத்துறை
23.06.2024

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ அனுப்பிய சாரம் இடுப்புக்கு அளவாக இருக்கிறது.

நடந்ததை எழுதுகிறேன். வேலியை வெட்டிக்கொண்டிருந்தபோது மனுவேலின் தாய் வந்து பார்த்தா. வாய் அசைந்தது, கேட்கவில்லை. பிறகு மனுவேல் ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: "ஏழு வருஷம் கழிச்சுப் புத்தி வந்திட்டுதோ எண்டு அம்மா கேக்கிறா." ஓம் என்றேன். அவ வீட்டுக்குள் போய் மாதா படத்தைக் கழற்றி, பின்பக்கத்து ஆணியைக் கிளப்பி, உறுதியை எடுத்துவந்து என் மடியில் வைத்தா. மேற்கே செய்னுலாப்தீன் வளவும் கிணறும் என்று எழுதியிருந்தது. வாப்பாவின் பெயரை அச்சில் பார்த்து எத்தனையோ காலம். அவ நான் எழும்பும் வரைக்கும் பக்கத்தில் நின்றா. தண்ணீர் அள்ளிக் கொடுத்தா, நமது கிணற்றில் இருந்துதான்.

விசாரணைக்கு அவவும் வந்தா. முதலாளியின் வரைபடத்தில் அவவுடைய வேலி வரைக்கும் முதலாளி காணி என்று கீறியிருந்தது. அவ உறுதியை மேசையில் வைத்துக் கையால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னா. மனுவேல் பிறகு எழுதிக் காட்டினான்: "எங்கட பக்கத்து வீட்டுக்காரன் செய்னுலாப்தீன். இந்த மனுசனை எனக்குத் தெரியாது." முதலாளியின் ஆட்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, நமது வளவை விட்டு மற்றப் பக்கத்தோடு எல்லையை நிறுத்துவதாகக் கையெழுத்து வைத்தார்கள். கட்டையை நானே பிடுங்கினேன்.

சட்டத்தரணி பிரகடன உறுதி எழுதத் தயார் என்கிறா. யார் பெயரில் எழுதுவது என்று கேட்கிறா. நீ சொல். நீ எப்படிச் சொன்னாலும் நான் கையெழுத்து வைப்பேன்.

உன்னைப் பற்றி நீ போன கடிதத்தில் எழுதியதை நான் வாசித்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் எரித்துவிட்டேன். வீட்டில் சேர்த்து வைக்கக்கூடாத கடதாசி என்று பட்டது.

நானா மீரா முகைதீன்

*

குறிஞ்சிப்பிட்டி
14.07.2024

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை ஷஸ்னா சத்தமாக வாசித்தாள், வாடியில் எல்லோரும் கேட்டார்கள். கிதாபைத் தேடிப் போன நாளில் இருந்து என்மேல் கோபமாக இருந்த நூஹு, "அந்தக் கிழவி நல்ல மனுசி" என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கப் போனான்.

எரித்தது சரி. ஆனால் நான் எழுதியது எனக்கு மனப்பாடம், அதை எரிக்க முடியாது. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த அடித்தட்டு வெறுமையாகத் தெரிகிறது. அங்கே துணி மடித்து வைக்கிறேன், அரிசிப் போத்தல் வைக்கிறேன், மறுநாள் எடுத்துவிடுகிறேன். என் வீட்டிலே எனக்குத் தெரியாமல் பன்னிரண்டு வருஷம் அது இருந்தது. நானோ துப்புரவாக்கிவிட்டேன் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேன். இந்த அதிர்ச்சி எப்போது இறங்கும் என்று தெரியவில்லை. மௌலவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். உன் மனதின் நிய்யத்து சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான் உன் கையில் என்றார். வியாபாரத்தில் அப்படிச் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

யார் பெயரில் என்று கேட்டீர்கள். இருபது வருஷம் ஒளித்து வைத்ததற்கு என் பெயரில் மட்டும் எழுதச் சொல்லலாம், நீங்கள் கையெழுத்தும் வைப்பீர்கள். அப்படி வாங்குவது எனக்கு இலாபம் இல்லை. சட்டத்தரணி சுல்பாவோடு பேசி முடித்திருக்கிறேன். மனுவேலின் தாயும் ஒப்புக்கொண்டா. நீங்களும் வாசித்துவிட்டு ஓம் என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டியும் வருகிறது. காது மிஷின். மனுவேல் திறந்து பார்க்காமல் இருக்க நூலால் தைத்திருக்கிறேன், உங்களிடம் கற்ற பழக்கம்.

பேசி முடிந்தது இது. உறுதி இரண்டு பேர் பெயரிலும்: மூன்றில் இரண்டு பங்கு உங்களுக்கு, ஒன்று எனக்கு. மார்க்கம் சொன்ன அளவு, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மனுவேல் வீட்டுக்குக் கிணற்றுப் பாதை ஆறடி அகலம், எழுத்தில், என்றைக்கும். இந்த முறை பதிவு செய்கிறோம், செலவு என்னுடையது. மூலப் பிரதி என் பிஸ்கட் டின்னில், ஒரு நகல் உங்களிடம், ஒரு நகல் மாதா படத்துக்குப் பின்னால். நீங்கள் உயிரோடு இருக்கும் வரைக்கும் விற்பனை இல்லை. இதற்குப் பதிலாக நீங்கள் ஒரு நாள் இங்கே வந்து, மிஷினைக் காதில் போட்டுக்கொண்டு, என் முன்னால் கதிரையில் உட்கார வேண்டும், நான் ஏசி முடிக்கும் வரைக்கும் அதைக் கழற்றக்கூடாது.

ஸாஜிதா